கடலுக்கு மேலே காவல் – 9: செங்குன்றத்தில் இறங்கிய படகுகள்

சென்னைக்காரர்களுக்குப் புழல் ஏரி என்றால் ஓர் எண். இன்றைக்கு எத்தனை அடி, எத்தனை மில்லியன் கன அடி என்று கோடையில் நாளிதழைப் பிரித்ததும் கண் தானாகத் தேடுகிற எண். அந்தத் தண்ணீரில்தான் 1942 ஜூலை தொடங்கி உலகப்போர் முடியும்வரை விமானங்கள் இறங்கின. கரையில் போட்ட ஓடுபாதையில் இல்லை, ஏரியிலேயே. வயிற்றால் நீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும், மிதவையில் கட்டிப்போடுவார்கள், படகில் வந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு மறுபடி வங்கக்கடலுக்கு மேலே போய்விடும். பிரிட்டிஷ் விமானப்படையின் ஏடுகளில் இந்த இடத்துக்கு ‘ரெட் ஹில்ஸ் லேக்’ (செங்குன்றம் ஏரி) தளம் என்று பெயர்.

நாம் குடிக்கிற தண்ணீரில் விமானத்தை இறக்கும் யோசனை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு 1942 ஏப்ரல் மாதத்தின் ஒரே ஒரு வாரத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த வாரம் தொடங்குவது இலங்கையில்.

சென்ற வாரம் 1941 மே 26-ஆம் தேதி அட்லாண்டிக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கை மேகக் கிழிசல் வழியே பார்த்துவிட்ட கேடலினா விமானத்தோடு நிறுத்தியிருந்தேன். அதே ரகம்தான் இந்த வாரமும் வருகிறது. எனவே இந்த விமானத்தைப் பற்றி நாலு வரி.

அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் கட்டிய பறக்கும் படகு இது. முதல் மாதிரி 1935 மார்ச்சில் பறந்தது. கலிஃபோர்னியாவுக்கு எதிரே கடலில் இருக்கும் சாண்டா கேடலினா தீவின் பெயரைப் பிரிட்டிஷ்காரர்கள் இதற்குச் சூட்டினார்கள். இறக்கையின் நீளம் 104 அடி. உடம்புக்கு மேலே ஒரு தூணில் தூக்கி வைத்தாற்போல் இறக்கை இருக்கும். அதில் தலா 1,200 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கொப்புளங்கள் புடைத்திருக்கும். அவற்றுக்குள் உட்கார்ந்துதான் கடலைப் பார்ப்பார்கள். உள்ளே படுக்க மடக்குக் கட்டில், காபி கொதிக்க வைக்க அடுப்பு. எட்டு ஒன்பது பேர் ஒரு பகலும் ஓர் இரவும் குடித்தனம் நடத்தலாம்.

வேகத்தில் மட்டும் சுத்த மோசம். சாவகாசமாகப் போனால் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். சண்டை விமானம் எதிரே வந்துவிட்டால் ஓடித் தப்ப வழியே கிடையாது. ஆனால் கடலைத் துழாவுகிறவனுக்கு வேகம் எதற்கு? சுமார் 300 மீட்டர் உயரத்தில் பறந்தால் தொடுவானம் எந்தப் பக்கமும் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். அந்த வட்டத்துக்குள் ஒரு புகைக்கோடு, வெள்ளை நுரையில் ஒரு கீறல், எண்ணெய்ப் படலம், ஒரு மனிதத் தலை, இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும். நாலாயிரம் கிலோமீட்டர் போகக்கூடிய எண்ணெயும் அவசரமில்லாத நடையும் இதற்குப் போதும். போரில் எத்தனையோ அழகான விமானங்கள் வந்து போயின. 3,000-க்கும் மேல் கட்டப்பட்ட இந்தக் குண்டு வாத்துக்கு ஈடாக நீண்டகாலம் கடலைப் பார்த்த விமானம் குறைவு என்பது என் கட்சி.

இனி கொக்கல. இலங்கையின் தென்கரையில் காலிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து ஒரு மணல்திட்டு பிரித்துவைத்த காயல். கேடலினாக்கள் இறங்க அமைதியான தண்ணீர். அங்கே தளம் அமைப்பதற்காகச் சுற்றியிருந்த கிராமத்து மக்களை மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது. விமானப்படை அதிகாரிகள் அதைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இன்று அது அருங்காட்சியகம். கொக்கலவின் கதையைச் சொல்கிறவர்கள் விமானங்களை மட்டும் சொல்லி அந்தக் கிராமத்தை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

1942 ஏப்ரல் 2-ஆம் தேதி கனடா விமானப்படையின் 413-ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லியோனார்ட் பெர்ச்சால் அங்கே வந்து இறங்கினார். வயது 26. அதுவரை அவருடைய ஸ்குவாட்ரன் ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, ஷெட்லாந்து தீவுகளின் குளிரில் பணிசெய்துகொண்டிருந்தது. இந்தியப் பெருங்கடல் அவருக்குப் புதுசு. சிங்கப்பூர் பிப்ரவரியிலும் ரங்கூன் மார்ச்சிலும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன. அடுத்தது இலங்கைதான் என்று பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தகவல் வந்திருந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி வாக்கில் தாக்குதல் வரும் என்று எதிர்பார்த்து, கிழக்குக் கடற்படைத் தளபதி ஜேம்ஸ் சோமர்வில் தன் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். மூன்று நாள் காத்தும் யாரும் வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் குறைந்ததால் மாலத்தீவுகளின் தென்கோடியில் இருந்த அட்டு பவளத்தீவுக்குத் திரும்பினார். டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூஸர்களைக் கொழும்புக்கும், ஹெர்மிஸ் என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலைத் திருகோணமலைக்கும் அனுப்பிவிட்டார்.

சோமர்வில்லின் கணக்கில் நாள்தான் தவறியது. ஜப்பானியக் கப்பற்படை சில நாள் தாமதமாக வந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 4, சனிக்கிழமை. பொழுது விடியுமுன்பே பெர்ச்சாலும் எட்டுப் பேரும் கிளம்பினார்கள். பகல் முழுக்கத் தெற்கே கடலில் குறுக்கும் நெடுக்கும் பறந்தார்கள். ஒன்றும் இல்லை. திரும்ப வேண்டிய நேரம் நெருங்குகையில், மாலை நாலு மணி சுமாருக்கு, தென்திசையில் தொடுவானத்தில் சில புள்ளிகள். இலங்கையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தூரம்.

இந்த இடத்தில் கடற்காவல் விமானியின் வேலை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். கப்பல்கள் இருக்கின்றன என்று சொன்னால் போதாது. யாருடையவை, எத்தனை, என்ன வகை, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகின்றன என்பது தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் அவர்களும் பார்த்துவிடுவார்கள். பெர்ச்சால் கிட்டே போனார். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோவின் படை அது: ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், அவற்றைச் சூழ்ந்து போர்க்கப்பல்கள். ரேடியோ இயக்குபவர் செய்தியைத் தட்டத் தொடங்கினார். அதற்குள் ஜீரோ சண்டை விமானங்கள் மேலே வந்துவிட்டன. செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புவது முறை. கடைசி முறை தட்டிக்கொண்டிருக்கும்போதே குண்டுபட்டு ரேடியோ சிதறியது. தீப்பிடித்த விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். ஆறு பேரை இசோகாஸே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் தூக்கிக்கொண்டது.

செய்தி அனுப்பினீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. இல்லை என்று சாதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கொழும்பிலிருந்து, சொன்னதை மறுபடி சொல்லும்படி கேட்டு ஒரு செய்தி காற்றில் வந்ததாம். அதைக் கேட்ட ஜப்பானியர் தங்களை அடித்து நொறுக்கியதாகப் பெர்ச்சாலே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கொழும்பில் யாரோ ஒரு குமாஸ்தா நல்ல எண்ணத்தில் செய்த வேலை.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணி வாக்கில் சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. துறைமுகத்தில் இருந்த பெரும்பாலான கப்பல்கள் இரவோடு இரவாக வெளியேறியிருந்தன. எதிர்பார்த்த வேட்டை நகுமோவுக்குக் கிடைக்கவில்லை. டெனிடோஸ் என்ற பழைய நாசகாரிக் கப்பலும், ஹெக்டர் என்ற ஆயுதமேந்திய வணிகக் கப்பலும் மூழ்கின.

பெர்ச்சாலுக்கு ‘இலங்கையைக் காப்பாற்றியவர்’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. சர்ச்சில் ஒரு விருந்தில் இந்தச் சம்பவத்தைப் போரின் மிக ஆபத்தான கட்டம் என்று சொன்னதாகவும் ஒரு கதை உலவுகிறது. எனக்கு இந்தப் பட்டம் கொஞ்சம் பெரிதாகத்தான் படுகிறது. நகுமோ இலங்கையைப் பிடிக்க வரவில்லை. அடித்துவிட்டுப் போகத்தான் வந்தார். முதல்நாளே எச்சரிக்கை கிடைத்தும் மறுநாள் காலை கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் தரையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் தாக்குதல் வந்தது. துறைமுகத்தைக் காலி செய்தவர்களால் விடியற்காலை வானத்தைக் கவனிக்க முடியவில்லை. இதில் பெர்ச்சாலின் குறை எதுவும் இல்லை. அவர் பார்த்தார், சொன்னார். அவருடைய வேலை அதோடு முடிந்தது.

சொன்ன செய்தி எப்படியெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு அந்த வாரமே இன்னும் இரண்டு உதாரணங்களை வைத்திருந்தது. கொழும்பில் இருந்த டோர்செட்ஷயரும் கார்ன்வாலும் எச்சரிக்கையைக் கேட்டு சனிக்கிழமை இரவே கிளம்பி சோமர்வில்லோடு சேரத் தெற்கே விரைந்தன. ஞாயிறு பிற்பகல் ஒரு ஜப்பானிய வேவு விமானம் அவற்றைப் பார்த்தது. அடுத்து வந்த குண்டுவீச்சு விமானங்கள் இரண்டையும் அரைமணி நேரத்துக்குள் மூழ்கடித்தன. போன வருஷம் கேடலினா கண்டுபிடித்துக் கொடுத்த பிஸ்மார்க்கின் மேல் கடைசி டார்ப்பிடோக்களை விட்ட கப்பல் இதே டோர்செட்ஷயர்தான். இப்போது எதிராளியின் கண்ணில் அது பட்டுவிட்டது. 424 பேர் இறந்தார்கள். மிச்சப்பேர் எண்ணெய் மிதந்த தண்ணீரில், உடைந்த படகுகளையும் பலகைகளையும் பற்றிக்கொண்டு, காயம்பட்டவர்களைப் படகில் ஏற்றிவிட்டு, சுமார் முப்பது மணி நேரம் கிடந்தார்கள். மறுநாள் மாலை என்டர்பிரைஸ் என்ற குரூஸரும் பாலடின், பாந்தர் என்ற நாசகாரிகளும் வந்து 1,122 பேரைத் தூக்கின.

அடுத்தது ஹெர்மிஸ். ஏப்ரல் 8-ஆம் தேதி இன்னொரு கேடலினா ஜப்பானியப் படையை இலங்கைக்குக் கிழக்கே பார்த்துச் சொன்னது. திருகோணமலையில் நின்ற ஹெர்மிஸ், வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரியோடு இரவே வெளியேறியது. 9-ஆம் தேதி காலை துறைமுகம் தாக்கப்பட்டது. அன்று விடிந்ததும் 413-ஆவது ஸ்குவாட்ரனின் மற்றொரு கேடலினா அந்தப் படையைக் கண்டது; அது திரும்பி வரவில்லை, அதிலிருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. துறைமுகம் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த ஹெர்மிஸை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் பிடித்தார்கள். பெயர் விமானந்தாங்கிக் கப்பல், மேலே ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். நல்லகாலமாக வீடா என்ற மருத்துவமனைக் கப்பல் பக்கத்தில் இருந்தது. தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானவர்களை அது எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் இலங்கைப் பக்கம். வடக்கே வங்கக்கடலில் ஓஸாவா என்ற இன்னொரு அட்மிரலின் படை தனியாகச் சுற்றி, சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் அந்த வாரம் அதிகமாக ஆட்டம் கண்ட ஊர் சென்னைதான்.

சென்னைக்குக் கடல்வழிப் பயத்தில் பழைய அனுபவம் உண்டு. 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டுப் போனதிலிருந்து, ‘அவன் எம்டன்’ என்று ஆளைச் சொல்கிற ஊர் இது. 1942 ஏப்ரலில், ஜப்பானியக் கப்பல்கள் சென்னையை நோக்கி வருகின்றன என்ற செய்தி அரசாங்கத்துக்கே வந்தது. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றார்கள். அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு சொந்தக் கிராமத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் தப்பி ஊருக்குள் வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். வயதானவர்கள் பல வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ‘இவாக்குவேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் புகுந்தது அப்போதுதான்.

கப்பல்கள் வரவில்லை. திருகோணமலையை அடித்த கையோடு நகுமோ கிழக்கே திரும்பிவிட்டார். அவருடைய விமானந்தாங்கிக் கப்பல்கள் அதற்குப் பிறகு இந்தியப் பெருங்கடலுக்கு மறுபடி வரவே இல்லை. சென்னையில் மிருகங்களைச் சுட்டபோது, சுடுவதற்கான காரணம் ஏற்கெனவே மலாக்கா நீரிணையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கடற்காவல் என்றால் எதிரியைக் கண்டுபிடிப்பது என்றுதான் நினைக்கிறோம். பெர்ச்சால் மாதிரி ஒருவர் நினைவில் நிற்பதும் அதனால்தான். ஆனால் இந்த விமானங்கள் பறந்த நூறு முறையில் பெரும்பாலானவற்றின் குறிப்பேட்டில் இருப்பது ஒரே வாசகம்: ஒன்றும் தென்படவில்லை. பதினைந்து மணி நேரம் கண் எரியப் பார்த்துவிட்டு வந்து எழுதும் வாசகம். சம்பந்தப்பட்டவர்களுக்கே அது வீண் உழைப்பாகத் தோன்றியிருக்கும். 1942 ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் சென்னைக்கு எதிரே கடலில் அந்த ஒரு வாசகத்தைச் சொல்ல ஆளில்லை. இலங்கையில் இருந்த கேடலினாக்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் சில கடலுக்கடியில் போய்விட்டன. இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த வங்கக்கடலைப் பார்க்கக் கண்கள் போதவில்லை.

செங்குன்றம் இங்கேதான் வருகிறது. சென்னைக் கடற்கரையில் அலை எப்போதும் கொந்தளிக்கும். துறைமுகத்துக்குள்ளே கப்பல்களுக்கே இடம் போதாது. பறக்கும் படகுக்கு நீளமான, அலையில்லாத நீர் வேண்டும். நகரத்துக்குப் பக்கத்தில் அப்படி இருந்தது ஏரிதான். ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆவது ஸ்குவாட்ரன் தன் கேடலினாக்களோடு வந்து இறங்கியது. பின்னால் 191-ஆவது ஸ்குவாட்ரனும் வந்தது. சரக்குக் கப்பல் வரிசைகளுக்கு மேலே காவலாகப் பறப்பது, நீர்மூழ்கிகளைத் தேடுவது, மூழ்கிய கப்பல்களிலிருந்தும் விழுந்த விமானங்களிலிருந்தும் தப்பி மிதப்பவர்களைத் தேடுவது ஆகியவை வழக்கமான வேலைகள். வெளியே சொல்லாத வேலையும் ஒன்று உண்டு. ஜப்பானியர் வசமிருந்த பர்மாக் கரையோரத்தில் இரவில் இறங்கி உளவாளிகளை விட்டுவருவது. புழல் தண்ணீரிலிருந்து சாயங்காலம் கிளம்பிய விமானம், எதிரியின் கடலோரத்தில் எஞ்சினைத் தணித்துக்கொண்டு நிற்கும். கரையில் ஒரு டார்ச் மினுக்கினால் ரப்பர் படகை இறக்குவார்கள். பொறுமையான, மெதுவான விமானம் என்பதால்தான் இந்த வேலைக்கும் பொருந்தியது.

கொக்கலவும் தொடர்ந்து இயங்கியது. 1943 நடுவிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் கொக்கலவுக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனம் கேடலினாக்களை ஓட்டியது. ஜப்பானியர் நடமாடும் கடலுக்கு மேலே 5,600 கிலோமீட்டருக்கும் மேல், எங்கும் இறங்காமல். ரேடியோவைத் திறக்கக் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. விமானங்களுக்குப் பெயர்களும் அப்படியே: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா. கூடுதல் எண்ணெயின் எடை காரணமாக மூன்றே பயணிகள், கொஞ்சம் தபால். 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம்வரை ஆகும் என்பதால் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள். ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. போய்வந்த பயணிகளுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 ஜூலைவரை 271 முறை கடந்தார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்காவோடு செய்திருந்த ஒப்பந்தப்படி அந்த விமானங்களை ஆஸ்திரேலியக் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். ஜப்பானியரால் முடியாததைக் கணக்கர்கள் முடித்தார்கள்.

பெர்ச்சால் போர் முடியும்வரை ஜப்பானில் கைதி. முகாமில் நோயாளிகளை வேலைக்கு இழுத்துப் போவதை எதிர்த்து நின்று அடி வாங்கினார். அதற்காக அவருக்குக் கிடைத்த விருது, விமானப் பணிக்காகக் கிடைத்ததைவிட நியாயமானது என்று நினைக்கிறேன். 2004-இல் 89 வயதில் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் இறந்தார்.

புழல் ஏரிக்கரையில் அந்தத் தளத்தை நினைவுபடுத்தும் பலகையை நான் பார்த்ததில்லை. அடுத்த ஏரியான சோழவரத்துக்குப் பக்கத்தில் அதே போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம், பின்னால் கார்ப் பந்தயம் நடந்ததால், ஊருக்கு நினைவிருக்கிறது. தண்ணீரில் இறங்கியவை தடம் வைத்துவிட்டுப் போவதில்லை. செங்குன்றம், புழல், அம்பத்தூர் பக்கத்துக் குடும்பங்களில் தாத்தா பாட்டி யாராவது ஏரியில் விமானம் இறங்கியதைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தால், அந்தத் தளத்தில் கூலிக்கோ சமையலுக்கோ போயிருந்தால், ஒரு பழைய புகைப்படம் பெட்டியடியில் கிடந்தால், எழுதுங்கள். இந்தத் தொடர் முடிவதற்குள் அதை இங்கே சேர்த்துவிட வேண்டும்.

(தொடரும்)